மைக் இல்லாத ஊழியம்: தொடங்கவும் நிலைத்திருக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

"அவர் ஊழியம் செய்கிறார்" என்று சபையில் ஒருவரைப் பற்றிச் சொன்னால், கேட்பவர் மனதில் வருவது பிரசங்கமும் கன்வென்ஷன் மேடையும் பாடகர் குழுவும்தான். ஞாயிறு விடியுமுன் எழுந்து ஆலயக் கதவைத் திறந்து, பாய் விரித்து, திருவிருந்துப் பாத்திரங்களைத் துலக்கி வைக்கிறவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. "கோயில் வேலை பார்க்கிறார்" என்பதோடு சரி. இதனால் இரண்டு இழப்பு. அந்த வேலையைச் செய்கிறவர் தன்னை ஊழியக்காரர் என்று ஒருநாளும் நினைப்பதில்லை. பேசவும் பாடவும் வராத பலரோ, "எனக்குத் தாலந்து இல்லை" என்று கடைசி வரிசையிலேயே ஆயுசைக் கழித்துவிடுகிறார்கள்.

அந்த இரண்டு பேருக்காகவும் இதை எழுதுகிறேன். எளிய வேலை ஒன்றை எடுத்து, அதை ஒழுங்காகச் செய்து, வருடக்கணக்கில் அதில் நிலைத்திருக்க என்ன வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: முதலில் மதிப்பு, பிறகு துண்டு

யோவான் 13-ஆம் அதிகாரத்தை எல்லாரும் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று கேட்டிருக்கிறோம். இயேசு எழுந்து, வஸ்திரங்களைக் கழற்றி வைத்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினார். பிரசங்கங்களில் பெரும்பாலும் நான்காம் வசனத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அதற்கு முந்தின வசனத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்பதையும், தாம் தேவனிடத்திலிருந்து வந்து தேவனிடத்திற்குப் போகிறவர் என்பதையும் இயேசு அறிந்திருந்தார் என்று யோவான் முதலில் எழுதுகிறார். அதை எழுதிய பிறகுதான் துண்டைப் பற்றிச் சொல்கிறார். தாம் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கால் கழுவி அவர் சம்பாதிக்க வேண்டிய மதிப்பு எதுவும் இல்லை.

இந்த வரிசை தலைகீழாகிப் போவதால்தான் பலர் ஊழியத்தில் நொந்துபோகிறார்கள். "இதைச் செய்தால் ஆண்டவர் என்னை நேசிப்பார், சபை என்னை மதிக்கும்" என்று ஆரம்பித்தால், நன்றி கிடைக்காத முதல் நாளிலேயே கை தளர்ந்துவிடும். அந்த இரவில் கழுவப்பட்ட கால்களில் யூதாஸின் கால்களும் உண்டு. அவன் எழுந்து வெளியே போனது அதற்குப் பிறகுதான்.

ஆகவே வேலையைத் தேடுவதற்கு முன் ஒரு வாரமாவது இந்த அதிகாரத்தோடு உட்காருங்கள். ஞானஸ்நானத்தில் கிடைத்த பிள்ளை என்கிற உரிமையே உங்கள் மதிப்பு. எந்த வேலையும் அதைக் கூட்டாது, குறைக்காது.

கூடவே அப்போஸ்தலர் 6-ஐயும் வாசியுங்கள். எருசலேமில் விதவைகளுக்குச் சாப்பாடு பங்கிடுவதில் பாரபட்சம் என்று முறுமுறுப்பு எழுந்தது. பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். அதற்குக் கேட்ட தகுதி நற்சாட்சியும் பரிசுத்த ஆவியும் ஞானமும். சோறு பங்கிடுகிற வேலைக்குத்தான் இத்தனையும் கேட்டார்கள். சபையின் முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் அந்த ஏழு பேரில் ஒருவர். ரோமர் நிருபத்தைப் பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியு, 16-ஆம் அதிகாரத்தில் ஒரே ஒரு வசனத்தில் வாழ்த்துதல் சொல்லிவிட்டுப் போகிறார். அவரைப் பற்றி வேறெதுவும் வேதத்தில் இல்லை.

படி 2: ஒரு மாதம் பாருங்கள், கேளுங்கள்

உடனே போய் ஐயரிடம் (சபைப் போதகரிடம்) "ஏதாவது வேலை கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். அவருக்குத் தோன்றுகிற வேலையைத் தருவார். நிஜமான தேவை வேறு எங்காவது இருக்கும். ஒரு மாதம் ஆராதனைக்கு அரைமணி நேரம் முன்னால் வந்து, முடிந்த பிறகும் அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போங்கள். படியேற முடியாமல் கைப்பிடியைத் தேடுகிறவர் யார்? யாரோடும் பேசாமல் வந்து, யாரும் பேசாமலேயே போகிறவர் யார்? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? இரண்டு வாரமாக வராத பாட்டியம்மாவைப் பற்றி யாராவது விசாரித்தார்களா? வழக்கமாகப் பாய் சுருட்டுகிறவர் வராத அன்று என்ன ஆகிறது?

ஆலயத்துக்கு வெளியேயும் பாருங்கள். முதியோர் பென்ஷன் மனு, ஆதார் திருத்தம், மருத்துவக் காப்பீட்டு அட்டை என்று தாசில்தார் அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைகிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. படிக்கத் தெரிந்த ஒருவர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி. செல்போனில் வரும் ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக் கூடாது என்று வயதானவர்களுக்குச் சொல்லித் தருவதையும் நான் ஊழியத்தில்தான் சேர்ப்பேன்.

எதிரில் இருப்பவரிடம் கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். "உங்களுக்கு என்ன செய்தால் உதவியாக இருக்கும், அம்மா?" என்கிற கேள்விக்கு வரும் பதில், நாம் நினைத்துப் போனதாகப் பெரும்பாலும் இருக்காது.

படி 3: ஒன்றை மட்டும் எடுங்கள்

எருசலேம் மதிலைக் கட்டிய வரலாறு நெகேமியா 3-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வெறும் பெயர்ப் பட்டியல் என்று பலர் தாண்டிப் போகும் அதிகாரம். அவனவன் தன் தன் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கைப் பழுதுபார்த்தான் என்று அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. தட்டானும் தைலக்காரனும்கூட மதில் கட்டினார்கள்.

நீங்களும் வீட்டுக்கு எதிரே இருப்பதை எடுங்கள். நடந்து போகிற தூரத்தில், வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற, ஒரு வருடம் விடாமல் செய்ய முடிகிற ஒரே வேலை போதும். ஆரம்ப உற்சாகத்தில் ஓய்வுநாள் பள்ளி, மருத்துவமனைச் சந்திப்பு, கல்லறைத் தோட்டச் சுத்தம் என்று மூன்றையும் ஏற்றுக்கொண்டு, தவசு காலம் முடிவதற்குள் மூன்றையும் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வாரா வாரம் வருகிறவரை நம்பித்தான் ஒரு முதியவர் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்காருகிறார். வராமல் போனால் அவருக்கு அந்த நாளே வீண்.

பிடித்த வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் பாரீஸில் ஒரு கார்மேல் மடத்தின் சமையலறையில் வருடக்கணக்கில் வேலை செய்தவர் சகோதரர் லாரன்ஸ். சமையல் வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது. அங்கே பாத்திரங்களின் நடுவிலேயே இடைவிடாமல் ஆண்டவரோடு பேசப் பழகிக்கொண்டார். பிற்பாடு மடத்துச் செருப்புகளைத் தைக்கும் வேலைக்கு மாறினார்.

படி 4: தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள்

எளிய வேலை என்பதால் எப்படிச் செய்தாலும் போதும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. "மனசுதான் முக்கியம்" என்பார்கள். பசித்தவருக்கு வேகாத சோற்றைப் போட்டுவிட்டு மனசைக் காட்ட முடியாது.

டாக்டர் பால் பிராண்டின் வேலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கொல்லிமலையில் ஊழியம் செய்த மிஷனரிப் பெற்றோருக்கு 1914-இல் பிறந்தவர், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைவிரல்களை அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்க வைத்தவர் என்று அவரைத் தெரியும். கால்களுக்காக அவரும் உடனிருந்தவர்களும் பட்ட பாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உணர்ச்சி மரத்துப்போன காலில் கல் குத்தினாலும் ஆணி ஏறினாலும் தெரியாது. அதே புண்ணின் மேல் நடந்து நடந்து கால் அழியும். மருந்தோடு தகுந்த செருப்பும் வேண்டும் என்று கண்டு, எந்த ரப்பர், எவ்வளவு மிருது, எந்த இடத்தில் பாரம் விழுகிறது என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அந்த உழைப்பிலிருந்து பரவியவைதான் இன்றும் தொழுநோயாளிகளுக்குக் கொடுக்கப்படும் எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்புகள். கால் கழுவின ஆண்டவரைப் பின்பற்றுவது, ஒரு அறுவை சிகிச்சை நிபுணரைச் செருப்புத் தைக்கிறவரின் பக்கத்தில் உட்கார வைத்தது.

நம் அளவில் இது எப்படி இருக்கும் என்பதற்கு மருத்துவமனைச் சந்திப்பை எடுத்துக்கொள்கிறேன். சபைகளில் அதிகம் நடப்பதும், அதிகம் கெடுவதும் அதுதான்.

ஆறேழு பேராகப் போய்க் கட்டிலைச் சுற்றி நின்று, ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்து, பக்கத்துக் கட்டில்காரர் திடுக்கிடும்படி சத்தமாக ஜெபித்துவிட்டு, பத்து நிமிஷத்தில் திரும்புவதால் நோயாளிக்குப் பெரிய ஆறுதல் இல்லை. இரண்டு பேர் போங்கள், பார்வையாளர் நேரத்தில் போங்கள். கட்டிலில் உட்காராதீர்கள். முதலில் கூட இருக்கிற அட்டெண்டரைப் பாருங்கள். கிராமத்திலிருந்து வந்து, வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்து, மூன்று நாளாகக் குளிக்காமல் இருக்கிற மகளாகவோ மனைவியாகவோ இருப்பார். "நீங்க போய்க் குளிச்சு, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்துட்டு வாங்கம்மா. ரெண்டு மணி நேரம் நாங்க இருக்கோம்" என்று சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் இதைவிடப் பெரிய தானம் இல்லை என்பது என் எண்ணம்.

அந்த இரண்டு மணி நேரத்தில் கஞ்சி கொடுக்க வேண்டி வந்தால், வாய் வழியாகக் கொடுக்கலாமா என்று முதலில் நர்ஸிடம் கேளுங்கள். தலைப்பக்கத்தை உயர்த்திய பிறகே கொடுங்கள். கஞ்சியின் சூட்டை உங்கள் மணிக்கட்டில் சொட்டுவிட்டுப் பாருங்கள். கரண்டியில் பாதிதான் எடுக்க வேண்டும். வாயில் இருப்பது விழுங்கி முடிந்து தொண்டை அசைவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி. இருமினால் நிறுத்திவிடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள், பேச்சுக் கொடுத்துச் சிரிக்க வைக்காதீர்கள், புரையேறும். வாயைத் துடைத்து, ஒரு வாய் வெந்நீர் கொடுத்து, உடனே படுக்க வைக்காமல் அரைமணி நேரம் சாய்ந்தே இருக்கட்டும். ஜெபிக்க வேண்டுமா என்று கேட்டு, சரி என்றால் அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் நாலு வரி போதும். வேறு மதத்தவருக்கும் இதே கஞ்சி, இதே பொறுமை. ஜெபத்தை அதற்கு விலையாக வைக்காதீர்கள். பொருளைக் காட்டி ஆள் பிடிப்பதுபோல ஆகிவிடும்.

இப்படி ஒவ்வொரு வேலைக்கும் தனி நுணுக்கம் உண்டு. எங்கள் பக்கம் சபையார் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகையில் பல வருடம் பரிமாறின பெரியவர்கள், பந்தியின் கடைசி இலையில் இருப்பவருக்குக் குழம்பு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே முதல் இலைக்கு இரண்டாம் முறை போவார்கள். அவர்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். எந்தப் பயிற்சி வகுப்பிலும் அது கிடைக்காது.

படி 5: துடைப்பம் யார் கையில்?

இந்த இடத்தில் மெதுவாகப் போக விரும்புகிறேன். தாழ்மையைப் பற்றி எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதினது பொய்யாகிவிடும்.

நம் சபைகளில் தாழ்ந்த வேலைகள் தாமாக விரும்பி வந்தவர்களிடம்தான் இருக்கின்றனவா? பல ஊர்களில் ஆலயத்தைப் பெருக்குவதும் கழிப்பறையைக் கழுவுவதும் கல்லறைக் குழி வெட்டுவதும் இன்ன தெருக்காரர், இன்ன சாதியார் என்று எழுதாத சட்டமாக இருக்கிறது. சமையலறையும் பாத்திரமும் பெண்களுக்கு, கமிட்டி நாற்காலியும் மைக்கும் ஆண்களுக்கு. சாதிக்கொரு கல்லறை இடம் என்று பிரித்து வைத்த ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு. காலங்காலமாகக் குனிய வைக்கப்பட்ட ஒருவரிடம் போய், "தாழ்மையாயிரு, அதுவே ஊழியம்" என்று நிமிர்ந்து நிற்கிறவர் சொன்னால், அந்த உபதேசம் சுவிசேஷத்திலிருந்து வந்ததல்ல. இயேசு மற்றவர்களைக் குனியச் சொல்லவில்லை, அந்த அறையில் எல்லாருக்கும் ஆண்டவராயிருந்த அவரே குனிந்தார்.

அதே நெகேமியா 3-இல் இரண்டு வகை பிரபுக்கள் வருகிறார்கள். தெக்கோவா ஊரார் மதில் கட்டினார்கள். அவர்களுடைய பிரபுக்களோ ஆண்டவருடைய வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை. இன்னொருவன் மல்கியா. அவனும் ஒரு மாகாணத்துப் பிரபுதான். அவன் எடுத்துக் கட்டியது குப்பைமேட்டு வாசலை. ஊர்க் குப்பையெல்லாம் வெளியே போகிற வாசல் அது.

ஆகவே உங்கள் சபையில் இதைச் செய்து பாருங்கள். துப்புரவு வேலைக்கு ஒரு முறைப் பட்டியல் போடுங்கள். அதில் முதல் வாரம் செயலர், இரண்டாம் வாரம் பொருளாளர், அடுத்து டாக்டர், ஹெட்மாஸ்டர், வாலிபர் ஐக்கியத் தலைவர் என்று எழுதுங்கள். அசனத்தன்று ஆண்கள் பாத்திரம் துலக்கட்டும், பெண்கள் முதல் பந்தியில் உட்காரட்டும். சம்பளத்துக்கு வேலை செய்யும் கோயில்குட்டியாருக்கு (ஆலயப் பணியாளருக்கு) சம்பளம் மாதம் பிறந்ததும் போய்ச் சேருகிறதா, வாரம் ஒரு நாள் ஓய்வு இருக்கிறதா, கையுறையும் நல்ல துடைப்பமும் வாங்கிக் கொடுத்திருக்கிறோமா என்று கமிட்டியில் கேளுங்கள். உரிய பாதுகாப்பு இல்லாமல் கழிவுத் தொட்டிக்குள் மனிதரை இறக்குவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் சட்டம் அது. ஆலய வளாகத்துக்கும் அது பொருந்தும், கழிவை உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள்.

2013-இல் போப் பிரான்சிஸ் பெரிய வியாழன் திருப்பலியை ரோம் நகரின் இளங்குற்றவாளிகள் சிறைக்குக் கொண்டுபோய், அங்கிருந்த பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் இஸ்லாமியரும் இருந்தார்கள். நம் ஊரில் அந்த நாளில் கால் கழுவ நாற்காலியில் உட்கார வைக்கும் பன்னிரண்டு பேர் யார் யார் என்பதையும் யோசிக்கலாம்.

தாழ்த்தப்பட்டிருக்கிற ஒருவர் இதை வாசித்தால், அவருக்கு ஒரு வார்த்தை. உங்கள்மேல் சுமத்தப்பட்டதை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதை மறுப்பது பெருமை ஆகாது. வேதபாடம் வாசிப்பதும், கமிட்டியில் உட்காருவதும், திருவிருந்தில் உதவுவதும் உங்களுக்கும் உரிய ஊழியங்கள்தான்.

படி 6: பெயரை விட்டுவிடப் பழகுதல்

ஆலயத்து மின்விசிறி, டியூப் லைட், பெஞ்ச், குடிதண்ணீர்த் தொட்டி எல்லாவற்றிலும் உபயதாரர் பெயரைப் பார்க்கிறோம். இறந்துபோன தாய்க்கு நினைவாக ஒரு பிள்ளை எழுதி வைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சோற்றுப் பொட்டலத்தை வாங்குகிறவரின் முகத்தோடு படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது அவருடைய மானத்தைத் தொடுகிறது. அதை இன்றைக்கே நிறுத்திவிடலாம். கணக்குக்குப் படம் வேண்டுமானால் அரிசி மூட்டையையும் பில்லையும் எடுங்கள்.

திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கல்லறை இருக்கிறது. கோயில்களுக்கு விடப்பட்ட பெண்பிள்ளைகளையும் ஆதரவற்ற குழந்தைகளையும் 1901 முதல் சேர்த்து வளர்த்தவர். தன் மேல் கல்லறைக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்து, அதில் தாய் என்று பொருள்படும் ஒரே சொல்லைப் பொறித்தார்கள்.

பெயர் வேண்டாம் என்பது கணக்கு வேண்டாம் என்று ஆகிவிடக் கூடாது. பணம் கையாளும் வேலையில் எப்போதும் இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளைகளோடு செய்யும் வேலையில் ஒரு பெரியவர் தனியே ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் இருக்கக் கூடாது. இது யார்மேலும் சந்தேகப்பட்டுச் சொல்வதல்ல, பிள்ளைகளின் பாதுகாப்புக்காக எல்லாருக்கும் ஒரே சட்டம்.

படி 7: சோர்வு வரும்போது

வரும், கட்டாயம் வரும். அது வெறும் உடல் களைப்பு என்றால் தூங்குங்கள். சாப்பிடக்கூட நேரமில்லாமல் போன சீஷர்களை, வனாந்தரமான இடத்துக்குத் தனியே வந்து சற்றே இளைப்பாறும்படி இயேசுவே கூப்பிட்டார். நன்றி கெட்ட பேச்சால் வந்த கசப்பு என்றால், ஒன்றாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

வீட்டை விட்டுவிட்டு ஓடியதால் வந்த சோர்வும் உண்டு. படுக்கையில் கிடக்கிற மாமியாருக்கு மருந்து கொடுக்க ஆளில்லாமல் இருக்க, சபையின் முதியோர் சந்திப்புக்கு முதல் ஆளாகப் போக வேண்டாம். இந்த வருடம் உங்கள் ஊழியம் அந்தக் கட்டில் பக்கத்தில்தான். மூன்று மாதம் விலகி இருக்கிறேன் என்று ஐயரிடம் சொல்லிவிடுங்கள்.

மார்த்தாளை நாம் ரொம்பவே வைதுவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. லூக்கா 10-இல் அவள் சமைத்ததை இயேசு குறை சொல்லவில்லை, அநேக காரியங்களைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குவதைத்தான் சொன்னார். யோவான் 12-இல் பெத்தானியாவில் மறுபடியும் ஒரு விருந்து நடக்கிறது. அங்கேயும் மார்த்தாள்தான் பணிவிடை செய்கிறாள். இந்தத் தடவை புகார் எதுவும் இல்லை.

உடம்பு முடியாமல் போனவர்களுக்கும் ஒன்று. 1931-இல் கீழே விழுந்து அடிபட்டதிலிருந்து 1951-இல் இறக்கும் வரை, ஏறக்குறைய இருபது வருடம், ஏமி கார்மைக்கேல் பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்தார். அங்கிருந்தபடியே ஜெபித்தார், எழுதினார், பிள்ளைகளை வரவழைத்துப் பேசினார். உங்களால் படியேற முடியாவிட்டாலும், ஞாயிறு மாலை சபையில் அன்றைக்கு வராதவர்களின் பட்டியலை வாங்கி, ஒவ்வொருவருக்கும் போன் போட்டு "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க முடியும்.

படி 8: பலனை எங்கே தேடுவது

யோப்பா பட்டணத்தில் தபீத்தாள் இறந்தபோது, பேதுருவைச் சுற்றி நின்று அழுத விதவைகள் அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டினார்கள். அவள் என்ன போதித்தாள் என்று யாரும் சொன்னதாக இல்லை, அவர்கள் கையில் துணி இருந்தது. உங்கள் ஊழியத்தில் பலன் உண்டா என்று பார்க்க வேண்டுமானால், எத்தனை பேர் வந்தார்கள் என்பதை விட்டுவிட்டு இப்படிப்பட்டவற்றைப் பாருங்கள். படியேற முடியாதவர் இப்போது ஆராதனைக்கு வருகிறாரா? அந்த அம்மாவுக்குப் பென்ஷன் வந்துவிட்டதா? உதவி பெற்றவர் இன்னொருவருக்கு உதவ எழுந்தாரா?

படி 9: கைமாற்றிக் கொடுங்கள்

இரண்டாம் வருடத்தில் ஒரு இளைஞரையோ இளம்பெண்ணையோ கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். தம்பி, தங்கச்சி என்று கூப்பிட்டு எடுபிடி வேலை மட்டும் வாங்காமல், சாவியையும் கணக்கு நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். யாருக்குச் சர்க்கரை இருக்கிறது, யாருக்குக் காது கேட்காது, எந்த வீட்டில் பின்வாசல் வழியாகப் போய்க் கூப்பிட வேண்டும், எந்தத் தாத்தாவிடம் இறந்துபோன மகனைப் பற்றி நாமாகப் பேச்செடுக்கக் கூடாது என்பதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கொடுங்கள். மூன்று மாதம் சேர்ந்து போய்விட்டு வாருங்கள். நான்காம் மாதம் அவர் தனியே போகட்டும். உங்களைவிட வேறு விதமாகச் செய்தால் விட்டுவிடுங்கள். நீங்கள் நெகேமியாவின் மதிலில் அடுத்த பங்கு எங்கே இடிந்து கிடக்கிறது என்று மறுபடி ஒரு மாதம் அரைமணி நேரம் முன்னதாக வந்து பாருங்கள்.